நான்கு சொற்களும் நம் வாழ்வும்

ஒரு சமூகம் எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிய அதன் வரவுசெலவுக் கணக்கைப் பார்க்கலாம். அது வழங்கும் சொற்களையும் பார்க்கலாம். கணக்கைத் திருத்தி எழுதிவிட முடியும். சொற்களை அவ்வளவு எளிதில் திருத்த முடியாது. எந்தச் சொல் வழக்கிழந்தது, எந்தச் சொல் ஓசை மாறாமல் பொருள் மட்டும் மாறியது என்று உற்றுநோக்கினால், அச்சமூகம் எதை விட்டு எதைப் பற்றிக்கொண்டது என்பது தெளிவாகிவிடும்.

தமிழகக் கத்தோலிக்கருக்கென்று ஒரு சொல்வளம் உண்டு. வடமொழியும் தமிழும் இலத்தீனும் போர்த்துக்கீசியமும் கலந்து, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் புழங்கிய சொல்வளம் அது. அவற்றுள் நான்கு சொற்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்: ஒருசந்தி, புதுநன்மை, உபயம், சாட்சியம். ஒன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. மற்ற மூன்றும் நிலைத்திருக்கின்றன. ஆனால் அவை இன்று எதைச் சுட்டுகின்றன என்னும் கேள்வியை நாம் எழுப்பியே ஆகவேண்டும்.

ஒருசந்தி

ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் முழு உணவு கொள்வது ஒருசந்தி. புலால் விலக்குவது சுத்தபோசனம். திருச்சபையின் கட்டளைகளைப் பழைய ஞானோபதேச நூல்களில் பயின்றவர்கள் இவ்விரு சொற்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்தார்கள். ஒருசந்தி என்பது நம்முடைய தனிச்சொத்தும் அன்று. இந்து அன்பர்களும் தங்கள் நோன்பை இதே சொல்லால் குறித்தார்கள். பசியைத் தானே விரும்பி ஏற்பது இறைவனை அணுகும் வழிகளுள் ஒன்று என்பதில் இம்மண்ணின் சமயங்கள் ஒத்த கருத்துடையனவாய் இருந்தன.

இச்சொல்லை இன்று நம் பிள்ளைகளிடம் சொன்னால் விளங்காது. 'உண்ணாநோன்பு' என்று வேறு சொல் வந்துவிட்டது என்பர் சிலர். சொல் மாறியதில் குறையில்லை. சொல்லோடு செயலும் போய்விட்டதே என்பதுதான் கவலை.

வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஞாயிறு நீங்கலாகத் தவக்கால நாள்கள் அனைத்திலும் நோன்பை விதித்தது. நற்கருணை வாங்க நள்ளிரவு முதல் உணவும் நீரும் தவிர்க்க வேண்டியிருந்தது. 1953-இல் தண்ணீருக்கு விலக்கு வந்தது. 1957-இல் நோன்பு மூன்று மணி நேரமாயிற்று. 1964-இல் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. 1966 பிப்ரவரி 17-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைமடல், கட்டாய நோன்பை விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களுக்கு உரியதாக்கியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் இதையே உறுதிசெய்தது. வெள்ளிக்கிழமைகளின் தவத்தை அன்புப் பணிகளாலோ பக்தி முயற்சிகளாலோ ஈடுசெய்ய வழிவகுக்கும் உரிமையை அது ஆயர் பேரவைகளுக்கு வழங்கியது.

சட்டம் தளர்ந்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. சுமையாகிப்போன விதியைவிட விருப்பத்தோடு ஏற்கும் தவம் மேலானது என்று திருச்சபை நம்பியது. அன்றியும், 1966-ஆம் ஆண்டு ஆணைமடலில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. செல்வம் மிகுந்த நாட்டினர் தன்னடக்கத்துக்கும் வறியோர் மீதான அன்புக்கும் கூடுதல் சான்று பகர வேண்டும் என்றும், வறுமையில் வாடுவோர் தங்கள் துன்பத்தையே இறைவனுக்குக் காணிக்கையாக்கலாம் என்றும் அம்மடல் வேறுபடுத்திக் கூறியது. வயிறு காய்ந்தவனுக்கு ஒரு வழியும் வயிறு நிறைந்தவனுக்கு வேறொரு வழியும் அங்கே காட்டப்பட்டன. நாமோ, நம்மில் பலருடைய வருவாய் உயர்ந்த பின்னரும், வறியவனுக்கு உரிய சலுகையை விடாமல் பிடித்துக்கொண்டோம். தளர்த்தப்பட்ட விதி நினைவில் நின்றது. அதற்கு ஈடாக நம்மிடம் எதிர்பார்க்கப்பட்டது மறந்துபோயிற்று.

நோன்பு ஒருகாலும் வெறும் உணவுக் கட்டுப்பாடாக இருந்ததில்லை. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் தோன்றிய 'எர்மாவின் மேய்ப்பர்' என்னும் நூல், நோன்பு நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடுத்துவிடுமாறு அறிவுறுத்துகிறது. இறைவாக்கினர் எசாயா (58-ஆம் அதிகாரம்) இதை இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்: பசித்தவரோடு உணவைப் பகிராத நோன்பை ஆண்டவர் ஏறெடுத்தும் பாரார். எனவே பழைய ஒருசந்தியில் இரண்டு வயிறுகள் இருந்தன. ஒன்று காலியாயிற்று, மற்றொன்று நிறைந்தது.

இன்றைய தவக்கால வெள்ளியில் நடப்பது என்ன? ஆட்டிறைச்சியையும் கோழியையும் விலக்குகிறோம். அவற்றுக்குக் குறையாத விலையில் வஞ்சிர மீனை வாங்கி வறுக்கிறோம். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையால் யாருடைய அடுப்பாவது கூடுதலாக எரிந்ததா? இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாத நோன்பு, உணவுப் பட்டியலில் செய்த சிறு மாற்றமேயன்றி வேறன்று. மறுபுறம், உடல் எடை குறைய மருத்துவர் பட்டினி கிடக்கச் சொன்னால் பதினாறு மணி நேரமும் மகிழ்ச்சியாகக் கிடக்கிறோம். ஆகவே நமக்குப் பசி தாங்கும் ஆற்றல் இல்லாமற் போகவில்லை. பிறருக்காகப் பசித்திருக்கும் காரணம்தான் இல்லாமற் போயிற்று.

புதுநன்மை

'நன்மை வாங்கினாயா?' என்று கேட்பார்கள் நம் முன்னோர். ஆண்டவரின் திருவுடலுக்கு 'நன்மை' என்று பெயரிட்ட அந்த அறியப்படாத தமிழ்க் கத்தோலிக்கரின் நுண்ணுணர்வை வியக்காமல் இருக்க முடியாது. கடைகளில் விற்கும் பொருள்களையெல்லாம் 'சரக்கு' என்று சொல்லிவிட்டு, விலையின்றிக் கிடைக்கும் அந்த ஒன்றை மட்டும் 'நன்மை' என்று அழைத்தார்கள். ஒரு குழந்தை முதன்முறையாக அதைப் பெறும் நாள் புதுநன்மை நாள்.

1910 ஆகஸ்ட் 8-ஆம் நாள் வெளிவந்த ஆணையின் வழியாகப் புனித பத்தாம் பத்திநாதர், பகுத்தறியும் பருவமாகிய ஏழு வயதளவில் குழந்தைகள் நற்கருணை பெறலாம் என்று வழி திறந்தார். அதுவரை பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது வரை குழந்தைகள் காத்திருந்தார்கள். சாதாரண உணவுக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் போதும் என்பது அத்திருத்தந்தையின் உள்ளக்கிடக்கை. குழந்தைக்கும் ஆண்டவருக்கும் இடையே பெரியவர்கள் எழுப்பிய தடையை அவர் அகற்றினார்.

இன்று நாம் வேறொரு தடையை எழுப்பியிருக்கிறோம். கௌன், கோட்டு, கையுறை, தலைக்கிரீடம், அலங்கரித்த மெழுகுதிரி, மண்டபம், பிரியாணி, தெருமுனையில் குழந்தையின் படம் தாங்கிய பதாகை, விருந்தினருக்குத் திருப்பிக் கொடுக்கும் பரிசுப் பொருள் எனப் பட்டியல் ஆண்டுதோறும் நீளுகிறது. குருவானவர் நற்கருணையை உயர்த்தும்போது அவருக்கும் குழந்தைக்கும் நடுவே ஒளிப்படக் கலைஞர் நிற்கிறார். குழந்தையின் கண்கள் அப்பத்தை நோக்காமல் புகைப்படக் கருவியை நோக்குகின்றன. வீட்டுக்கு வந்ததும் உறைகளைப் பிரித்துப் பணத்தை எண்ணுகிறோம். அன்று மாலை அப்பிள்ளையிடம் 'இன்று உனக்குக் கிடைத்தது என்ன?' என்று கேட்டால், மிதிவண்டி என்றோ கைப்பேசி என்றோதான் விடை வரும். அதற்குப் பிள்ளையைக் குறைகூற முடியுமா?

இதைவிடக் கொடிய விளைவு ஒன்றும் உண்டு. அதே வகுப்பில் அதே மறைக்கல்வியைப் படிக்கும் கூலித்தொழிலாளியின் மகளும் இருக்கிறாள். அவளுடைய தாய் என்ன செய்வாள்? வட்டிக்கு வாங்குவாள், அல்லது 'அடுத்த ஆண்டு பார்ப்போம், சாமி' என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுவாள். இலவசமாய்த் தரப்படும் நன்மைக்கு நாம் ஒரு நுழைவுக் கட்டணம் விதித்துவிட்டோம். அக்கட்டணத்தைத் திருச்சபை வாங்குவதில்லை. ஊரின் பார்வை வாங்குகிறது.

கொரிந்து நகரச் சபையில் இதே நோய் இருந்தது. ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியவர்களுள் வசதியுடையோர் தம் உணவை முந்தி உண்டு குடிமயக்கத்தில் இருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுலடியார் அவர்களைப் பாராட்ட மறுத்தார். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்னும் அளவுக்குச் சென்றார் (1 கொரி 11:17-34). உடலை உணர்ந்து ஏற்காமல் உண்போர் தம்மேல் தீர்ப்பை வருவித்துக்கொள்வர் என்னும் அவருடைய எச்சரிக்கையை நாம் தனிமனிதப் பாவங்களுக்கே பொருத்திப் பார்க்கப் பழகிவிட்டோம். ஆனால் அவர் அதை எழுதிய சூழல், ஏழையைத் தலைகுனிய வைத்த பந்தி. நம்முடைய புதுநன்மை விழாக்களும் திருமண விருந்துகளும் அந்த அதிகாரத்தின் முன் நின்று தேறுமா?

உபயம்

ஆலயத்துக்கு அளிக்கும் கொடை உபயம். இச்சொல்லும் நாம் பிற சமயத்தாரோடு பகிர்ந்துகொண்டதே. உபயம் என்பதற்கு 'இரண்டு' என்ற பொருளும் உண்டு. கொடுப்பவர், பெறுபவர் என இருவர் இருந்தால்தான் கொடை நிறைவேறும். ஆனால் இன்றைய உபயத்தில் ஒருவர்தான் பெரிதாகத் தெரிகிறார். குழல்விளக்கின் மேல் எழுதிய பெயர் அதன் வெளிச்சத்தில் பாதியை மறைக்கிறது என்று ஊரார் கேலி பேசுவது நமக்குப் புதிதன்று. மின்விசிறியின் இறக்கையில், இருக்கையின் முதுகில், சலவைக்கல் தரையில், சிலுவைப்பாதை நிலைகளின் கீழ் எனப் பெயர்கள் பரவிவிட்டன. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று கற்பித்தவர் தூக்குண்டிருக்கும் சிலுவையின் அடியிலேயே கொடையாளரின் பெயரும் பிறந்த ஊரும் பொறிக்கப்படுகின்றன.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்திக்கு விளக்கவுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், இதைப் பற்றித் தெளிவாகப் பேசினார். ஆலயத்தில் கிறிஸ்துவுக்குப் பட்டு உடுத்திவிட்டு, வெளியே அவர் குளிரில் ஆடையின்றி நடுங்குவதைக் காணாமல் போகாதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். ஆலயத்துக்குக் கொடுப்பதை அவர் தடுக்கவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொன்னார்: முதலில் பசித்த சகோதரன், பின்னர் பலிபீடத்தின் அழகு. நம் பங்குகளில் நன்றாய் இருக்கும் ஆலயத்தை இடித்துவிட்டு, பக்கத்து ஊர் ஆலயத்தைவிட உயரமான கோபுரத்தோடு புதிதாய்க் கட்டும் ஆர்வம் பெருகிவருகிறது. அக்கோபுரத்தின் நிழல் விழும் தூரத்தில் கூரை ஒழுகும் வீடுகள் எத்தனை என்று யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆலயம் என்பது நம் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு கற்களாகவே நின்ற இடமும்தான். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்குமாறு கட்டப்பட்டது; பிரித்து நின்ற சுவர் 1910-இல் தகர்க்கப்பட்டது. குழந்தைகளுக்கு நற்கருணையின் வழி திறந்ததும் அதே ஆண்டுதான். சாதிச் சுவர்கள் எல்லா உள்ளங்களிலும் இடிந்துவிட்டன என்று சொல்லத் துணிவார் இல்லை. அது போதாதென்று பணத்தின் சுவரையும் எழுப்புகிறோம். திருவிழாத் திருப்பலியில் முன்வரிசை யாருக்கு ஒதுக்கப்படுகிறது? தேர்பவனிக்கு முன்னே மாலையோடு நிற்பவர் யார்? பொன்மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இடமும், அழுக்குடை அணிந்த ஏழைக்குக் கால்மணைக்கு அருகே இடமும் காட்டும் சபையை யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டித்தார் (2:1-4). அவர் நம் ஊருக்கு வந்ததில்லை. ஆயினும் நம் ஊரை அறிந்தவர் போலவே எழுதியிருக்கிறார்.

சாட்சியம்

நான்காவது சொல் இக்காலத்தில் மிகுதியாக ஒலிக்கும் சொல். செபக்கூட்டங்களிலும் தியானங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் சாட்சியம் சொல்வோர் பலர். அவற்றைச் சில நாள் தொடர்ந்து கேட்டால் ஓர் ஒழுங்கு புலப்படும். முன்பு வாடகை வீடு, இன்று சொந்த வீடு. முன்பு இருசக்கர வண்டி, இன்று மகிழுந்து. முன்பு உள்ளூர் வேலை, இன்று வெளிநாட்டு விசா. நோய் நீங்கியதற்கும் கடன் தீர்ந்ததற்கும் நன்றி கூறுவது நல்லதே. கண்ணீரோடு நன்றி சொல்லும் எளியவரை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பெற்ற பொருளின் அளவே இறையருளின் அளவு என்னும் எண்ணம் இச்சாட்சியங்களின் ஊடே பரவும்போது, நாம் விழித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், அவ்வாறாயின் வேலை கிடைக்காத இளைஞனை இறைவன் கைவிட்டார் என்றல்லவா ஆகும்? நோய் தீராமல் இறந்த தாயின் விசுவாசம் குறைவானது என்றல்லவா முடியும்? அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் மௌனமாய் அமர்ந்திருப்பவர்களின் நெஞ்சில் இத்தகைய சாட்சியங்கள் ஏற்படுத்தும் காயத்தை யார் ஆற்றுவார்?

கிரேக்க மொழியில் சாட்சியைக் குறித்த சொல்லே பின்னர், விசுவாசத்துக்காக உயிர்நீத்தவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. தமிழிலும் வேதசாட்சி, மறைசாட்சி என்றே வழங்குகிறோம். சாட்சியம் என்றால் பெற்றதை அறிவிப்பது என்பதைவிட, இழக்கத் துணிந்ததை வாழ்ந்து காட்டுவது என்பதே இச்சொல்லின் வேர்.

நம் மண்ணின் புனித தேவசகாயத்தின் வாழ்வை இந்த இடத்தில் எண்ணிப் பார்ப்பது தகும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அலுவலராய் இருந்தவர். குடும்பத்தில் இழப்புகள் நேர்ந்து மனம் சோர்ந்திருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைக் கூறினார். கவனியுங்கள்: 'எங்கள் கடவுளை நம்பினால் இழந்ததெல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பும்' என்னும் வாக்குறுதியாக அவர் அதை ஏற்கவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபின் அவர் கண்ட 'முன்னேற்றம்' என்ன? சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைதானார். பதவி போயிற்று. எருமை மீது ஏற்றி ஊர்வலமாய் இழுத்துச் செல்லப்பட்டார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பொதுநிலையினரான இந்தியர் ஒருவர் புனிதர் நிலை பெற்றது அதுவே முதன்முறை.

இன்றைய மேடை ஒன்றில் அவர் சாட்சியம் சொல்ல எழுந்தால் என்ன சொல்வார்? 'விசுவாசத்துக்கு முன் எனக்கு அரசுப் பதவி இருந்தது. விசுவாசத்துக்குப் பின் ஒன்றும் இல்லை' என்பார். ஒலிவாங்கியை அவரிடமிருந்து விரைந்து வாங்கிக்கொள்வோம் என்றே தோன்றுகிறது. அவருடைய திருவுருவம் தாங்கிய படத்தையும் சாவிக்கொத்தையும் விலைக்கு வாங்கி மகிழுந்தில் தொங்கவிடும் நாம், அவர் விட்டுச்சென்ற சாட்சியத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அது விற்பனைக்கு உரியதும் அன்று.

வசதி தவறா?

இத்துணையும் படித்த வாசகர் ஒருவர், 'அப்படியாயின் கிறிஸ்தவர் வறுமையிலேயே கிடக்க வேண்டுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மழுப்பாமல் விடை கூறவேண்டிய கேள்வி.

அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தேய்ந்த பெண்களின் தோள்களுக்கு அரைவை இயந்திரம் விடுதலை தந்தது. அதை ஆடம்பரம் என்பவர் அம்மியின் முன் அமர்ந்து அரைத்ததில்லை என்றே பொருள். காலில் செருப்பு அணியவும் தோளில் துண்டு போடவும் தடுக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று நல்ல காலணி அணிந்து ஆலயத்துக்கு வந்தால், அது நுகர்வு வெறியன்று, மீட்கப்பட்ட மானம். இல்லாதவரிடம் எளிமையைப் போதிப்பது எளிது. அது அறமும் ஆகாது. ஆண்டவர் கானாவூர்த் திருமணத்தில் இரசம் பெருகச் செய்தவர். விருந்துகளை வெறுத்தவர் அல்லர்.

1991 மே 1-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல் இதைச் செம்மையாக வரையறுத்தது. மேலான வாழ்வை விரும்புவது தவறன்று. மனிதனாய் இருப்பதைவிடப் பொருள் உடையவனாய் இருப்பதே மேலான வாழ்வு என்று கருதும் வாழ்க்கைமுறைதான் தவறு என்பது அவர் கருத்து. அம்மடல் வெளிவந்த பன்னிரண்டாம் வாரத்தில், 1991 ஜூலை 24-ஆம் நாள், இந்தியாவின் பொருளாதாரப் போக்கை மாற்றிய வரவுசெலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நமக்குச் சந்தை திறக்கும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. சந்தைக்குப் போனோம், மடலைப் படிக்கவில்லை.

ஆகவே கேட்கவேண்டியது, 'என்னிடம் எவ்வளவு இருக்கிறது?' என்பதோடு முடிவதன்று. 'என் வசதிக்கான விலையை யார் கொடுக்கிறார்?' என்றும் கேட்கவேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் எடுக்கும் புத்தாடையையே சான்றாகக் கொள்வோம். திருப்பூர்ச் சாயக் கழிவுகள் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தன. பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகி, கீழ்ப்பகுதி உழவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. துணியின் விலைச்சீட்டில் அந்த உழவர்களின் இழப்பு எழுதப்படவில்லை. ஆனால் அதை அவர்கள் செலுத்தினார்கள். தேவையைவிட மிகுதியாய் வாங்கி, ஓரிரு முறை உடுத்தி எறியும் ஒவ்வோர் ஆடைக்கும் இத்தகைய மறைவான விலை உண்டு. 2015-இல் வெளியான திருத்தந்தை பிரான்சிசின் சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒன்றாகவே கேட்கச் சொன்னது இதனால்தான். எளிமை என்பது மகிழ்ச்சியைக் குறைப்பதன்று, வாழ்வை விடுவிப்பது என்றும் அம்மடல் நினைவூட்டுகிறது.

வசதியைப் பிறருக்குக் கதவாகவும் வைக்கலாம். பிறரைத் தடுக்கும் தாழ்ப்பாளாகவும் வைக்கலாம். லூக்கா நற்செய்தியின் அறிவற்ற செல்வன் (12:16-21) திருடியவனோ கொள்ளையிட்டவனோ அல்லன். அவனுடைய நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவே. ஆனால் அவன் பேசுவதைக் கேளுங்கள்: தன்னோடுதான் பேசுகிறான், தன் களஞ்சியம், தன் தானியம், தன் உயிர் என்றே பேசுகிறான். அவனுடைய உலகில் வேறு மனிதரே இல்லை. கப்பதோக்கியா பஞ்சத்தில் வாடிய நான்காம் நூற்றாண்டில் இவ்வுவமையை விளக்கிய புனித பசிலியார், ஏழைகளின் வயிறுகளே உனக்குத் தகுந்த களஞ்சியங்கள் என்னும் பொருள்படப் பேசினார். பேசியதோடு நில்லாமல், நோயாளிகளுக்கும் வறியோருக்கும் செசரியா நகரின் அருகே பெரிய இல்லம் ஒன்றையும் எழுப்பினார்.

மீட்கப்படவேண்டிய சொற்கள்

சொற்களை மீட்க வேண்டுமானால் அவற்றுக்குரிய செயலை மீட்க வேண்டும். அதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. நம்மிடம் இருந்தவையே போதும். சோறு வடிக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் இட்ட பெண்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். அந்தப் பிடியரிசி பல ஏழைகளைக் காத்தது. மிசோரம் மாநிலத்துப் பிரிவினைச் சபைச் சகோதரிகள் நூறாண்டுகளுக்கு மேலாக இதே பழக்கத்தால் தங்கள் மறைப்பணிக்குப் பெரும்பொருள் திரட்டி வருகின்றனர். செல்வம் மிகுந்த நாடு செய்யாததை ஒரு கைப்பிடி அரிசி செய்திருக்கிறது.

அன்பியங்கள் கூடும்போது இதைப் பேசலாம். வெள்ளிக்கிழமை ஒருவேளை உணவை விட்டு, அதன் விலையை வீட்டு உண்டியலில் இட்டு, தன் தெருவிலேயே இருக்கும் ஒரு மாணவரின் கட்டணத்துக்கோ ஒரு நோயாளியின் மருந்துக்கோ கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் வெளிவராமலும் கொடுக்கலாம். புதுநன்மைக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதமான வெண்ணாடை என்று சில பங்குகள் வைத்திருக்கும் நல்வழக்கத்தை எல்லாப் பங்குகளும் பின்பற்றலாம். விருந்தைத் தனித்தனி மண்டபங்களிலிருந்து ஆலய வளாகத்துப் பொதுப்பந்திக்குக் கொண்டுவரலாம். அங்கே கூலித்தொழிலாளியின் மகளும் மருத்துவரின் மகனும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணட்டும். சாட்சியம் கூற எழுவோரிடம், 'ஆண்டவர் உங்களுக்கு என்ன கொடுத்தார்?' என்று கேட்பதோடு, 'அவருக்காக நீங்கள் எதை விட்டீர்கள்?' என்றும் அன்போடு கேட்கலாம்.

இவை ஆயர்களும் குருக்களும் மட்டுமே செய்யவேண்டியவை அல்ல. விழாவின் செலவைத் தீர்மானிப்பவர் குடும்பத் தலைவரும் தலைவியும்தான். பதாகைக்கு முன்பணம் கொடுப்பவர் பொதுநிலையினர்தான். எனவே மாற்றமும் நம் வீட்டுக் கூடத்திலிருந்தே தொடங்கவேண்டும். அடுத்த ஆண்டுப் புதுநன்மை வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் விரைவில் எழுதப்படும். செலவுக்கு அஞ்சி அந்தப் பட்டியலில் தன் மகளின் பெயரைக் கொடுக்கத் தயங்கும் தாய் ஒருத்தி நம் பங்கில் இருப்பாளாயின், அவளுடைய தயக்கத்தைப் போக்குவதே இவ்வாண்டு நம்முடைய தவமாக இருக்கட்டும்.